பெயர்ப்பலகை இல்லாத கொடை

சில வாரங்களுக்கு முன்னர் ரொறன்ரோவிலிருந்து பள்ளித் தோழர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். கண்டியில் நாங்கள் படித்த பாடசாலையின் பழைய மாணவர்கள் அங்கே ஓர் இராப்போசன விருந்து வைத்து, செலவு போக ஐயாயிரம் கனடிய டொலர் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். "மச்சான், பிள்ளைகளுக்கு ரோபோ வாங்கிக் கொடுக்கலாம்னு யோசிக்கிறோம். நீ அங்கதானே இருக்கிறாய், எது நல்லதுன்னு விசாரிச்சுச் சொல்லு" என்றார்.

கலைப்பட்டதாரியான எனக்கு ரோபோவைப் பற்றி என்ன தெரியும்? பேராதனையில் நான் படித்த காலத்தில் பொறியியற் பீடம் மகாவலியின் அக்கரையில் இருந்தது. அக்பர் பாலத்தைக் கடந்து அந்தப் பக்கம் நான் போனது மிகச் சில தடவைகளே. அதுவும் கல்விக்காக அல்ல. ஆயினும் முப்பது ஆண்டுகள் செய்தி எழுதிய பழக்கம் விடுமா? நாலு பேரிடம் கேட்டேன். நாலு இடங்களுக்குப் போனேன். தோழர் கேட்டது ஒரு ரோபோவின் பெயரை. எனக்குக் கிடைத்ததோ வேறொரு கேள்வி. அதைத் தொலைபேசியில் சொல்லி முடிக்க இயலவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு காட்சி. சில ஆண்டுகளுக்கு முன் மத்திய மாகாணத்துப் பாடசாலை ஒன்றுக்கு வேறொரு செய்திக்காகச் சென்றிருந்தேன். பெயர் வேண்டாம். அங்கே பூட்டிய அறையொன்றின் கதவில் 'ரோபோ ஆய்வுகூடம்' என்று எழுதியிருந்தது. திறந்து காட்டும்படி கேட்டதற்குத் திறப்பைத் தேடுவதில் அரைமணி நேரம் கழிந்தது. உள்ளே வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டிகள் ஆறு. அவற்றுள் நான்கு பிரிக்கப்படவே இல்லை. அந்த ரோபோக்களுக்குக் கட்டளை எழுதும் மென்பொருள் ஒரேயொரு கணினிக்கென உரிமம் பெற்றது. அந்தக் கணினி பழுதாகிவிட்டது. உரிமத்தைப் புதுப்பிக்க யாரிடம் எழுதுவது என்று எவருக்கும் தெரியவில்லை. பயிற்சி பெற்ற ஆசிரியை இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். சுவரில் மாத்திரம் நாடா வெட்டிய அன்றைய படம், கண்ணாடிச் சட்டத்துக்குள், தூசு படியாமல் இருந்தது.

நம் கோயில்களை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. கும்பாபிஷேகத்துக்கு வாரி வழங்க ஆயிரம் பேர் வருவார்கள். பெயரும் கல்லில் பொறிக்கப்படும். நித்திய பூசைக்கு எண்ணெய் வார்க்க ஆள் தேட வேண்டும். நாம் கொடாதவர்கள் அல்லர். கொடுப்பது தொடக்கத்துக்கு, தொடர்ச்சிக்கு அல்ல.

ரோபோ என்றவுடன் நம் மனத்தில் எழுவது சக்கரமும் கம்பியும். அவை சிறு பகுதிதான். இன்று சீன நிறுவனம் ஒன்றின் ஈ.எஸ்.பி.32 என்ற சிறு மின்சுற்றுப் பலகை சில டொலருக்குக் கிடைக்கிறது. இத்தாலியில் 2005ஆம் ஆண்டு ஆசிரியர்கள் சிலர் மாணவர்களுக்காக உருவாக்கிய ஆர்டுயினோ என்ற பலகையும் அப்படித்தான். அதன் வரைபடமே உலகத்துக்குப் பொதுவாக விடப்பட்டது. விலை உயர்ந்தது, அந்தப் பலகைக்கு அறிவூட்டும் மென்பொருளும், அதைப் பிள்ளைக்குப் புரியவைக்கும் கையேடும், பிழை வந்தால் பதில் சொல்லும் மனிதனும். இம்மூன்றும் விலைக்கு வாங்கப்பட்டால் உரிமம் முடியும் நாளில் முடிந்துவிடும். திறந்த மூலமாக, யாரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ளதாக இருந்தால் அந்த ஆபத்து இல்லை. வேறோர் ஆபத்து உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

2022ஐ நாம் மறக்கலாகாது. அந்த மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், இரண்டே மாதங்களில் 360 ரூபாவை எட்டியது. நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் இல்லை. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று அரசு அறிவித்தது. இறக்குமதிக் கட்டுப்பாடுகளோ அதற்கு முன்னரே வந்துவிட்டன. அந்நாட்களில் ஒரு சிறு மோட்டாருக்கு அலைந்த பொறியியல் மாணவர்களை நான் அறிவேன். உதிரிப்பாகம் டொலரில் வரும். மென்பொருளை நம் பிள்ளைகளே எழுதலாம். இந்த வேறுபாட்டை அந்த ஆண்டு நமக்குக் கசப்பாகக் கற்பித்தது.

எழுதியும் இருக்கிறார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கணினிப் பொறியியல் துறையில் 'பேரா ஸ்வார்ம்' என்றொரு திட்டம் உண்டு. எறும்புக் கூட்டத்தைப் போலச் சிறு ரோபோக்கள் பல சேர்ந்து ஒரு வேலையைச் செய்வதை ஆராயும் திட்டம் அது. அதில் என்னைக் கவர்ந்தது ஒன்றே: உண்மையான ரோபோவும் கணினித் திரையில் மாத்திரம் வாழும் ரோபோவும் அங்கே ஒரே களத்தில் உலவுகின்றன. மேசையில் நிற்கும் ரோபோ, தன் எதிரே இருப்பது வெறும் மெய்நிகர் உருவம் என்பதை அறியாது. அதற்கு வழிவிட்டு விலகும். ஆக, கையில் நான்கு ரோபோ இருந்தாலும் நாற்பது ரோபோக்களின் கூட்டத்தை ஆராயலாம். கையில் ஒன்றுமே இல்லாதவரும் தம் நிரலைத் திரையில் ஓட்டிப் பார்க்கலாம். மூல நிரல்கள் இணையத்தில் பொதுவில் கிடைக்கின்றன.

இதைக் கேட்டபோது என் நினைவு போனது பல்கலைக்கழகத்துக்கு மேலே நிற்கும் ஹந்தானை மலைக்கு. அதையும் தாண்டி, கலஹாவுக்கும் தெல்தோட்டைக்கும். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் முதன்முதலாகப் பெருமளவில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அந்த மலைகளில் உள்ள தமிழ்மொழிப் பாடசாலைகளின் பிள்ளைகளும் உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கிறார்கள்; பைத்தன் மொழி அவர்களின் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. 2013இல் தொடங்கிய தொழில்நுட்பப் பிரிவிலும் சிலர் சேர்கிறார்கள். ஆனால் தாம் எழுதிய நிரலால் ஒரு பொருள் நகர்வதைக் கண்டவர் அவர்களுள் எத்தனை பேர்? கண்டியிலுள்ள பெரிய பாடசாலைகளின் பிள்ளைகளுக்குப் பெற்றோரின் பணமும் பழைய மாணவர் சங்கமும் இருக்கின்றன. மொரட்டுவைப் பல்கலைக்கழகம் நடத்தும் இலங்கை ரோபோ சவால் போன்ற போட்டிகளுக்கு அவர்கள் போவார்கள். கொழுந்து நிறுத்துச் சம்பளம் வாங்கும் தாயின் பிள்ளைக்கு, ஒரு பழைய கணினியும் இலவச மென்பொருளும்தான் நுழைவாயில். தூரத்தைப் பார்த்தால் பேராதனைக்கும் கலஹாவுக்கும் இடையே ஒரு பஸ் பயணம்தான்.

இனி அந்த வேறோர் ஆபத்து. திறந்த மூல மென்பொருள் உரிமம் முடிந்து சாவதில்லை, கவனிப்பாரின்றிச் சாகும். பல்கலைக்கழகத்தில் அது இன்னும் விரைவாக நடக்கும். நான்காண்டுப் படிப்பு. முதலாண்டு தெரியாது, இரண்டாம் ஆண்டு பழகும், மூன்றாம் ஆண்டு எழுதும், நான்காம் ஆண்டு பரீட்சையும் வேலை தேடலும். எழுதியவன் பட்டம் பெற்றுக் கொழும்புக்கோ சிட்னிக்கோ போய்விட்டால், சேவையகத்தின் கடவுச்சொல்லும் அவனோடு போகும். புதிதாக வரும் மாணவனுக்கு முந்தியவனின் நிரலைத் திருத்தினால் புள்ளி கிடைக்காது. புதியதொன்றைத் தொடங்கினால்தான் கிடைக்கும். குறிப்பிட்ட எந்தத் திட்டத்தையும் நான் குறைகூறவில்லை. உலகெங்கும் மாணவர் திட்டங்களுக்குப் பொதுவான விதி இது. புள்ளியிடும் முறை அப்படி.

தன்னார்வத்தின் வலிமையையும் வரம்பையும் இந்நாடு ஒரு தடவை மிக அருகில் கண்டிருக்கிறது. 2004 டிசம்பர் 26. ஆழிப்பேரலை கரையோரத்தை அழித்துச் சென்ற சில நாட்களுக்குள், இலங்கையின் கணினித் துறையினர் ஒன்றுகூடி ஒரு மென்பொருளை எழுதத் தொடங்கினார்கள். காணாமற் போனோர் யார், எந்த முகாமில் எத்தனை பேர், எங்கே எந்த நிவாரணம் தேவை என்பவற்றைப் பதியும் மென்பொருள். சிங்களத்தில் நிவாரணம் என்ற பொருள்படும் 'சஹன' என்று அதற்குப் பெயரிட்டார்கள். ஒரு வருடம் முன்னர், 2003இல், தோன்றியிருந்த லங்கா மென்பொருள் மன்றம் அதற்கு வீடாயிற்று. சில வாரங்களில் மென்பொருள் பணியில் இறங்கியது. அந்த நாட்களில் செய்தி அறைகளில் இருந்த எங்களுக்கு இறந்தோரின் எண்ணிக்கையே கண்ணில் நின்றது. இப்படியொரு வேலை நடந்தது பலருக்குத் தெரியவே தெரியாது. எனக்கும்தான்.

பின்னர் நடந்ததுதான் இங்கே முக்கியம். அவசரம் தணிந்ததும் தன்னார்வலர்கள் தத்தம் அலுவலகங்களுக்குத் திரும்பினார்கள். திரும்பாமல் என்ன செய்வார்கள்? அவர்களுக்கும் வீட்டுக்கடன் இருக்கிறது. சஹன அத்தோடு முடிந்திருக்கலாம். முடியவில்லை, காரணம், சுவீடன் அரசின் அபிவிருத்தி நிறுவனமான சீடா கொடுத்த நிதி. அந்த நிதியில் சிலர் சம்பளம் பெற்று அமர்ந்து, அவசரத்தில் எழுதியதை ஆறுதலாகத் திருத்தி எழுதினார்கள். அதனால்தான் 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவுக்கும், 2010இல் ஹெயிட்டிக்கும் அது பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சஹனவுக்கு வழங்கியது. 2009இல் அதற்கெனத் தனி அறக்கட்டளை அமைந்தது. அமைந்த இடம் அமெரிக்கா. அதை எண்ணும்போது பெருமையோடு சிறு நெருடலும் எனக்கு உண்டு. ஆனால் நிறுவனமாக்கியதால்தான் அது பிழைத்தது என்பதை மறுக்க மாட்டேன்.

'தன்னார்வலருக்குப் பணம் கொடுத்தால் தொண்டு கெட்டுவிடும்' என்று சொல்லும் பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். சிரமதானத்தில் பாதை வெட்டப் போன தலைமுறை அது. அவர்கள் சொல்வதில் நியாயமும் இல்லாமலில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நூறு பேர் கூடிப் பாதை வெட்டலாம். அடுத்த மழைக்குக் கானில் அடைத்த மண்ணை அள்ளுவது யார்? உலகத்தின் இணையப் பாதுகாப்பையே தாங்கிய ஓபன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளில் 2014இல் பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டபோது, அந்தத் திட்டத்துக்கு ஆண்டுக்கு வந்துகொண்டிருந்த நன்கொடை ஏறக்குறைய 2,000 டொலர்தான் என்ற செய்தி வெளியாகி எல்லோரும் நாணினார்கள். 2024 மார்ச்சில் இன்னும் மோசம். எக்ஸ்இசட் என்ற சிறு மென்பொருளை ஆண்டுக்கணக்கில் தனியாகக் கவனித்துக் களைத்துப்போன ஒருவரிடம், உதவுகிறேன் என்று வந்து நம்பிக்கை பெற்ற ஒருவர், உள்ளே களவுக்கதவு வைத்துவிட்டார். தற்செயலாகத்தான் அது பிடிபட்டது. களைத்த மனிதன் சும்மா கிடைக்கும் உதவியைச் சோதித்துப் பார்ப்பதில்லை. இவை பெருங்கடலின் கதைகள். நம்முடைய சிறு குளத்திலும் தண்ணீர் அதே தண்ணீர்.

சரி, மாணவர் ரோபோக்களுக்கென்றே இதை ஒழுங்காகச் செய்தவர் எவரும் இல்லையா? இருக்கிறார்கள். 1992இல் அமெரிக்காவில் 28 அணிகளோடு தொடங்கிய ஃபர்ஸ்ட் ரோபோப் போட்டியில் இன்று 3,000க்கு மேற்பட்ட அணிகள் கலந்துகொள்கின்றன. அவ்வணிகளின் ரோபோக்கள் இயங்கும் டபிள்யூபிஐலிப் என்ற மென்பொருள் நூலகம், வூஸ்டர் பொலிடெக்னிக் நிறுவனத்தில் தொடங்கி இன்று பெரும்பாலும் தன்னார்வலரால் பேணப்படும் திறந்த மூலத் திட்டம். ஒவ்வொரு பருவத்துக்கும் புதிய பதிப்பு, பருவம் தொடங்கும் ஜனவரிக்குத் தயாராகிவிடும். போட்டி நடக்கும்போது அடித்தளத்தை மாற்றுவதில்லை. இதைவிட என் மனத்துக்கு நெருக்கமானது இங்கிலாந்தின் ஸ்டூடன்ட் ரோபோட்டிக்ஸ். 2006இல் சவுத்ஹம்டன் பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கியது. பள்ளி அணிகளுக்கு மின்னணுப் பெட்டியை இலவசமாகக் கொடுக்கிறார்கள். ஆனால் தானமாக அல்ல, இரவலாக. போட்டி முடிந்ததும் பெட்டி திரும்பி வரவேண்டும். நூலகத்துப் புத்தகத்தைப் போல. அந்தப் பூட்டிய அறையின் ஆறு பெட்டிகளை நினைத்துப் பார்த்தேன். இரவலாகக் கொடுத்திருந்தால் ஓராண்டில் யாராவது வந்து கதவைத் தட்டியிருப்பார்கள்.

நமக்குள்ளேயே உதாரணம் வேண்டுமானால் மென்பொருளை விட்டு நூல்களுக்கு வருகிறேன். 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டத்துக்கும், 2005இல் நம்மவர்கள் தொடங்கிய நூலகம் திட்டத்துக்கும் கல்வெட்டுத் திறப்பு விழாக்கள் தேவைப்படவில்லை. ஒருவர் தட்டச்சிட்டார், இன்னொருவர் பிழை பார்த்தார், வேறொருவர் மாதாமாதம் சிறு தொகை அனுப்பினார். இருபது ஆண்டுகள் கடந்தும் இரண்டும் நிற்கின்றன. புலம்பெயர்ந்த தமிழருக்குத் தொடர்ச்சிக்குக் கொடுக்கத் தெரியாது என்று நான் மேலே சொன்னதை இந்த இடத்தில் பாதியளவு திரும்பப் பெறுகிறேன்.

தோழருக்கு எழுதிய கணக்கை இங்கும் தருகிறேன். ஐயாயிரம் கனடிய டொலர், இன்றைய விலையில் ஏறத்தாழ 11 இலட்சம் ரூபா. பெட்டி வாங்கினால் ஒரு பிற்பகலில் தீர்ந்துவிடும். அதை மூன்று ஆண்டுக்குப் பிரியுங்கள் என்றேன். பேராதனைப் பொறியியல் மாணவர் இருவருக்கு, ஒருவர் மூன்றாம் ஆண்டு, மற்றவர் இறுதி ஆண்டு, தலா மாதம் 10,000 ரூபா உதவித்தொகை. மூன்றாண்டுக்கு 7,20,000. அவர்களின் வேலை புதிதாக எதையும் எழுதுவதல்ல; இருப்பதைக் கவனிப்பது, பிழை திருத்துவது, பாடசாலைகளின் கேள்விக்குப் பதில் சொல்வது. ஒருவர் பட்டம் பெற்றுப் போகும் முன் அடுத்தவர் குறைந்தது ஆறு மாதம் அவருடன் இருந்து கற்க வேண்டும். கடவுச்சொற்கள் மூவரிடம் இருக்க வேண்டும். அம்மூவருள் ஒருவர் விரிவுரையாளராக இருப்பது நலம், ஏனெனில் அவர் நான்கு ஆண்டில் போய்விட மாட்டார்.

மிச்சத்தில் 1,50,000 ரூபா தமிழ்க் கையேட்டுக்கு. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பொறியியற் பீடத்தின் மொழி ஆங்கிலம். ஆகவே மாணவர் எழுதும் விளக்கக் குறிப்புகளும் ஆங்கிலம். தெல்தோட்டைப் பிள்ளை உயர்தரம் படிப்பது தமிழில். நிரல் எவ்வளவு திறந்த மூலமாக இருந்தாலும் அந்தப் பிள்ளைக்கு அது மூடிய கதவே. மொழிபெயர்ப்பிலும் வழக்கமான சிக்கல் வரும்: இங்கே பௌதிகவியல் என்போம், தமிழ்நாட்டில் இயற்பியல் என்பார்கள், இரசாயனவியல் அங்கே வேதியியல். சொற்சண்டை போட நம்மவர்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா! பாடநூலில் பிள்ளை கண்ட சொல் எதுவோ அதையே முதலில் போட்டு, மற்றதைப் பக்கத்தில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். சென்னையிலும் கோலாலம்பூரிலும் உள்ள ஆர்வலர்கள் பிழை பார்த்துக் கொடுத்தால் ஒரே கையேடு மூன்று நாட்டுக்கு உதவும்.

எஞ்சிய 2,30,000 ரூபாவில் பலகைகள், சக்கரங்கள், மின்கலங்கள், சேவையகச் செலவு, ஆசிரியர்களின் பஸ் கட்டணம். வாங்கும் சில ரோபோக்களும் எந்தப் பாடசாலைக்கும் சொந்தமாகாது. ஒரு தவணைக்கு ஒரு பாடசாலையாகச் சுற்றிவரும்.

இந்தக் கணக்கைக் காட்டியபோது ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் என்னை மறித்தார். "திரையில ஓடுறது ரோபோவா தம்பி? சக்கரம் வழுக்கும், மின்கலம் இறங்கும், கம்பி கழரும். அதைக் கையால தொட்டுத் திருத்தும்போதுதானே பிள்ளை படிக்குது" என்றார். அவர் சொல்வது முற்றிலும் சரி. திரையில் சக்கரம் வழுக்குவதில்லை. திரையில் சரியாக ஓடிய நிரல் தரையில் சுவரை முட்டும்போதுதான் பொறியியல் தொடங்குகிறது என்று மாணவர்களும் என்னிடம் சொன்னார்கள். ஆகவேதான் அந்தச் சுற்றிவரும் ரோபோக்கள். ஆனால் ஒரு தவணைக்கு மூன்று வாரம் மாத்திரம் கையில் கிடைக்கும் ரோபோவைப் பயனுள்ளதாக்க, மற்ற மாதங்களில் திரையில் பழகியிருக்க வேண்டும். நீச்சல் குளம் இல்லாத ஊர்ப்பிள்ளைகளுக்குப் படத்தில் நீச்சல் காட்டுவதல்ல இது. ஆர்மோனியத்தைத் தொடும் முன் சுரவரிசை பாடிப் பழகுவது போன்றது. ஆசிரியர் முழுமையாக ஒப்புக்கொள்ளவில்லை. "பார்ப்போம்" என்றார்.

இன்னோர் ஐயமும் எனக்கே உண்டு. மாதம் 10,000 ரூபாவுக்கு ஒரு திறமையான மாணவன் நிற்பானா? கொழும்பு நிறுவனங்கள் பயிற்சிக் காலத்திலேயே இதைவிடக் கூடுதலாகக் கொடுக்கின்றன. பணத்துக்காக நிற்கமாட்டான் என்றே நினைக்கிறேன். ஆனால் கூகுள் நிறுவனம் 2005இல் தொடங்கிய கோடைக்காலத் திறந்த மூலத் திட்டத்தின் முதல் பத்து ஆண்டுகளில், உலகிலேயே அதிக மாணவரை அனுப்பிய பல்கலைக்கழகம் மொரட்டுவை. அங்கே உதவித்தொகை பெரிது, உண்மைதான். எனினும் உலகம் பார்க்கும் இடத்தில் தன் பெயரோடு நிரல் இருப்பது நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய ஈர்ப்பு என்பதையும் அது காட்டுகிறது. அந்த ஈர்ப்பும், பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் வீட்டில் கை நீட்டாத நிலையும் சேர்ந்தால் போதுமானதாக இருக்கலாம். போதாவிட்டால் ஒருவரைக் குறைத்து மற்றவருக்குக் கூட்டிக் கொடுக்கலாம். இரண்டாம் ஆண்டில் கணக்கைத் திரும்பப் பார்க்க இடம் வைத்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். மூன்று நாள் கழித்துத் தோழர் அழைத்தார். சங்கத்தில் பாதிப்பேருக்குப் பிடித்திருக்கிறதாம். மற்றப் பாதிக்கு ஒரே சந்தேகம்: "நல்ல விஷயம்தான் மச்சான். ஆனா போர்டை எங்க அடிக்கிறது?"

மென்பொருளின் முதற்பக்கத்தில் நன்றியுரைக் கோப்பு ஒன்று இருக்கும், அதில் எழுதலாம் என்றேன். அதை யார் திறந்து பார்ப்பார்கள் என்று கேட்டார். கலஹாவில் ஒரு பிள்ளை பார்க்கும் என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. அடுத்த கூட்டம் வருகிற மாதம் முதல் ஞாயிறாம்; அதுவரை பணம் வங்கியில் இருக்கிறது.